ரைபோசோமை உப்பாக்கிய வழக்கு

கூதிர்க் காலம் சேர்வராயன் மலைமேல் ஓசையின்றி வந்து அமர்கிறது. ஐப்பசி மழை ஓய்ந்தும் ஓயாத அந்நாள்களில் முகில் வானிலிருந்து இறங்குவதில்லை. பள்ளத்தாக்கிலிருந்து மெல்ல ஏறி வருகிறது. முதலில் கிளியூர்ப் பக்கத்து மரங்கள் மறைகின்றன. பிறகு அருவியின் உருவம் மறைந்து ஒலி மட்டும் எஞ்சுகிறது. சில்வர் ஓக் மரங்களைத் தழுவி ஏறிய மிளகுக்கொடிகள் நீர் சொட்ட நிற்க, அவற்றின் நிழலில் காப்பிக் காய்கள் ஒன்றிரண்டாகச் சிவக்கத் தொடங்குகின்றன. பறவைகள் குரலைச் சுருக்கிக்கொள்கின்றன, மனிதர்களும் அப்படியே. பிழை செய்த நெஞ்சு தன்னைத்தானே போர்த்திக்கொள்வது போல, மலை தன் முகத்தைத் தானே மூடிக்கொண்டு கிடக்கும் பருவம் அது.

அப்பருவத்தில்தான், ஏற்காட்டுக்கு மேலே எஸ்டேட் நிலத்தில் எழுந்திருந்த சேர்வராயன் உயிர்ப்படிக ஆய்வு நிறுவனத்துக்கு மேலிடத்துச் செயலர் வருகை தருவதாகச் செய்தி வந்தது.

நிறுவனத்தின் மூத்த அறிவியலாளர் மேனகா. மாரமங்கலத்தில் மிளகும் தினையும் விளைவித்த குடியில் பிறந்தவர். விடியலில் பதிகம் பாடாமல் நீரும் அருந்தாதவர். உயிரணு ஒவ்வொன்றுக்குள்ளும் புரதங்களைக் கோத்துக் கொடுக்கும் பட்டறை ஒன்று உண்டு. அதற்கு ரைபோசோம் என்று பெயர். கண்ணுக்குத் தெரியாத அந்தப் பட்டறைகளைக் கோடிக்கணக்கில் ஒழுங்காக அணிவகுக்கச் செய்து படிகமாக உறைய வைத்தால், அதன் மீது எக்ஸ் கதிரைப் பாய்ச்சி, சிதறி விழும் புள்ளிகளைக் கொண்டு உள்ளே இருப்பதன் வடிவத்தை அறியலாம். செம்மநத்தத்து மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரின் ரைபோசோமை அவ்வாறு உறைய வைப்பதிலேயே மேனகாவின் இளமை முழுதும் கழிந்திருந்தது. நெடுங்காலம் அது உறையவில்லை. அந்த ஆண்டுதான், குளிரறையின் ஒரு தட்டில், துளிகளுக்குள் ஊசிமுனையினும் மெல்லிய மங்கலான படிகங்கள் சில தோன்றியிருந்தன. அவை இன்னும் சில வாரம் அசையாமல் வளர வேண்டும். கதவை ஓங்கிச் சாத்தினாலும் கலைந்துவிடும். அறை சற்றே வெம்மை கொண்டாலும் கரைந்துவிடும்.

நிறுவனத்தின் இயல்போ வேறு. அங்கே எதுவும் திறந்து வைக்கப்படாமல் திறக்காது. குளிர்பெட்டி மூன்று பெருமக்களால் மூன்று முறை திறந்து வைக்கப்பட்டு மூன்று கல்வெட்டுகளைச் சுமந்து நின்றது. அவற்றின் எடையால் அதன் கதவு சரியாக மூடுவதில்லை. புதிய நுண்ணோக்கிக்கு நாடா கட்டப்பட்டு, வெட்டுதற்குரியவர் வாராமையால், ஓராண்டாக மேனகா நாடாவின் கீழே தலையை நுழைத்துப் பார்த்து வந்தார். நாடாவை அவிழ்த்தால் ஒழுங்கு மீறல். குனிந்து பார்த்தல் பற்றி விதி எதுவும் இல்லை.

செயலர் வரும் நாள் காலையில் இயக்குநர் முனைவர் தனபால் மேனகாவை அழைத்தார். படிகம் விழா மேடைக்கு வர வேண்டும், அதன் முன் குத்துவிளக்கு ஏற்றப்படும், மாலையும் சொல்லியாயிற்று என்றார். படிகத்தை அசைக்கலாகாது, விளக்கின் சூடு ஆகாது என்று மேனகா விளக்கினார். இயக்குநர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அப்படியானால் சிறிய விளக்காக வைக்கலாம் என்று ஒப்புக்கொண்டார்.

மேனகா குளிரறைக்குள் சென்று அந்தத் தட்டின் முன் நின்றார். கை அதன் மேல் போகவில்லை. பக்கத்து அலமாரியில், கழித்து வைத்த தட்டுகளில் ஒன்று இருந்தது. கரைசலில் கலந்த உப்பே உறைந்து, கட்டை விரல் அளவு, பட்டை தீட்டிய வைரம் போல் ஒளிர்ந்துகொண்டிருந்தது. படிகம் வளர்ப்போர் அனைவரையும் ஒருமுறையேனும் ஏமாற்றுவது இந்த உப்பு. மெய்ப்படிகம் சிறிதாக, அழுக்காக, நொய்ந்து இருக்க, இதுவோ பெரிதாக, அழகாக, திண்ணமாக இருக்கும். மேனகா அதை எடுத்துக்கொண்டு மேடைக்குப் போனார்.

"இதுதானா அது?" என்று செயலர் கேட்டார்.

"படிகமுங்க" என்றார் மேனகா.

சொன்ன சொல்லில் பொய் இல்லை. அதனால்தான் அது நெஞ்சில் அவ்வளவு ஆழமாகத் தைத்தது. ஒரு நாள் மறைப்புத்தான், செயலர் மலையிறங்கியதும் கழுவிவிடலாம் என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். அவருடைய ஆய்வு மாணவி தீபிகா கரைசலை உறைநிலையில் காக்கும் திரவ நைட்ரஜன் வாங்கச் சேலத்துக்குப் போயிருந்தாள். அவள் அங்கிருந்திருந்தால் முதல் பார்வையிலேயே சிரித்திருப்பாள். பின்னர் வந்து பார்த்தபோதோ, மேடமே படிகம் என்று சொல்லிவிட்டார் என்பதால் தன் கண்ணை நம்பாமல் விட்டாள்.

இயக்குநர் உரையாற்றினார். "பேரன்பு கொண்டோரே, இந்நிறுவனத்தின் தலைமையை ஏற்ற நாள்முதல் இன்றுவரை நான் ரைபோசோமைக் கண்டதில்லை. காணாமலேயே நடத்தினேன். அது எப்படி இருக்கும் என்று எவரையும் கேட்டதும் இல்லை. கேட்டால் தெரியாதவன் என்று எண்ணிவிடுவார்கள். இன்று கண்டேன். இவ்வளவு எளிதாகக் கண்ணுக்குத் தெரியும் ஒன்றுக்கு இத்தனை ஆண்டுகள் நுண்ணோக்கி வாங்கிய முன்னோரை நினைத்து வருந்துகிறேன்."

கையொலி எழுந்தது. மேனகாவும் தட்டினார்.

படிகம் திரும்பிவரவில்லை. அதற்கென்று வரவேற்புக் கூடம் படிக மண்டபமாயிற்று. கண்ணாடிப் பேழை வந்தது; ரைபோசோம் என்று பொறித்த கல்வெட்டு வந்தது; காவலர் வந்தார்; நிறுவனத்தின் முத்திரையில் இருந்த நுண்ணோக்கி போய் அந்தப் படிகத்தின் உருவம் ஏறியது. நிர்வாக அலுவலர் எல்வின், கோப்பு ஒன்றை மற்றொன்றின் மீது அடுக்கும்போதும் விளிம்பு பிசகாமல் அடுக்குபவர். அவர் படிகத்தை நிலையான பணியிடத்தில் சேர்ப்பதா, தற்காலிகப் பணியிடத்தில் சேர்ப்பதா என்று மேலிடத்தைக் கேட்டார். விடை வரும்வரை அது தகுதிகாண் நிலையில் வைக்கப்பட்டது. ஆட்சிக் குழுக் கூட்டத்துக்கு உறுப்பினர் ஒருவர் குறைந்தபோது, படிகம் கட்டடத்துக்குள் இருந்தமையால் வந்திருந்ததாகக் கொள்ளப்பட்டது. அது எத்தீர்மானத்தையும் எதிர்க்கவில்லை என்பதும் குறிக்கப்பட்டது. ஆண்டுக்குப் பத்தில் ஒரு பங்கு அது வளர வேண்டும் என்று வளர்ச்சித் திட்டம் வகுக்கப்பட்டது.

ஏரிக்கரையில் கடை வைத்திருந்த ஜாபர் அலி, பெரிய கல்கண்டுகளைக் கண்ணாடித் தாளில் சுற்றி, ரைபோசோம் என்று பெயர் ஒட்டி விற்கத் தொடங்கினார். சுற்றுலா வந்தவர்கள் அள்ளிப் போனார்கள். மேனகா ஒரு மாலை அங்கே தேநீருக்கு நின்றபோது, இப்படி ஏமாற்றலாமா என்று கேட்டுவிட்டார்.

"நான் எங்கீங்க ஏமாத்தறேன்? உள்ள கல்கண்டுன்னு கேட்டவங்களுக்கெல்லாம் சொல்லித்தான் குடுக்கறேன்" என்றார் அவர் தேநீரை ஆற்றிக்கொண்டே. "அங்க பெட்டிக்குள்ள என்ன இருக்குதுன்னு யாரும் கேக்கறதில்லீங்க, நீங்களும் சொல்றதில்லீங்க. அதுதான் வித்தியாசம்."

அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். மேனகா தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு நடந்தார். அன்றிரவு குழம்புக்கு உப்பிடப் போன கை, சாடிக்கு மேலே நின்றுவிட்டது. சப்பென்று இருந்ததை அப்படியே உண்டார்.

நாளை சொல்லிவிடலாம் என்று நாளும் எண்ணினார். ஆனால் ஒவ்வொரு நாளும் சொல்ல வேண்டியது பெருகியது. முதல் நாள் ஒரு சொல்லைத் திரும்பப் பெற்றால் போதும். இப்போது ஒரு மண்டபத்தையும் முத்திரையையும் காவலரையும் திரும்பப் பெற வேண்டும்.

கார்த்திகை மழை தொடங்கியதும் படிகம் வியர்த்தது. மலையின் ஈரக்காற்று பேழைக்குள் புகுந்து, அதன் முனைகள் மழுங்கி, அடியில் நீர் கசிந்தது. படிகம் கண்ணீர் வடிப்பதாக மண்டபத்தில் செய்தி பரவி, சிலர் கைகூப்பினர். வளர்ச்சித் திட்டத்தின் முதலாண்டிலேயே தேய்மானம் ஏற்படுவதைத் தாங்க இயலாத இயக்குநர், மண்டபத்தில் இரவும் பகலும் குளிர்சாதனம் ஓட வேண்டும், அதற்காகக் குளிரறையின் ஜெனரேட்டரைப் பெயர்த்து மண்டபத்தில் நிறுவ வேண்டும் என்று ஆணையிட்டார்.

மேனகா ஓடினார். குளிரறையிலும் சில மாதிரிகள் இருக்கின்றன, மின்சாரம் நின்றால் அழிந்துவிடும் என்றார்.

"மாதிரி வேறு, அசல் வேறு அல்லவா மேடம்?" என்றார் இயக்குநர் கனிவாக. "அசல் இங்கே குளிரால் நலமாக இருக்கும்போது, மாதிரிகளுக்காக நீங்கள் வருந்தலாமா? அவற்றில் அசலைவிடச் சிறந்தது ஏதேனும் உண்டா? சொல்லுங்கள், இப்போதே ஆணையை மாற்றுகிறேன்."

கதவு திறந்தே இருந்தது. ஒரு சொல் போதும். மேனகா வாய் திறந்தார். மண்டபமும் மாலையும் செயலரின் புன்னகையும் அந்த வாயில் வந்து அடைத்தன. ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டுத் திரும்பினார்.

மூன்றாம் நாள் காற்று எழுந்தது. மலைப்பாதையில் மரங்கள் சாய்ந்து மின்கம்பிகள் அறுந்தன. ஏற்காடு முழுதும் இருண்டு கிடக்க, படிக மண்டபம் மட்டும் கல்யாண வீடு போல் ஒளிர்ந்தது. விடிந்தபின் மேனகா குளிரறைக்கு வந்தபோது தீபிகா முன்னமே அங்கே இருந்தாள். கிளியூரில் எஸ்டேட் வேலைக்குப் போகும் ராசாத்தியின் மகள் அவள். மழையில் பஸ் வராததால் நடந்தே ஏறி வந்திருந்தாள். தட்டை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டிருந்தாள். துளிகள் தெளிந்திருந்தன. அவற்றுள் எதுவும் இல்லை.

"போச்சுங்க மேடம்" என்றாள். அழவில்லை. அவளுடைய ஆய்வேடு முழுவதும் அந்தத் தட்டில்தான் இருந்தது. தட்டைக் கீழே வைத்துவிட்டு அவளே மேனகாவுக்கு ஆறுதல் சொன்னாள். "நம்ம மண்டபத்துல ஒண்ணு நல்லாத்தானுங்களே இருக்குது. அதுல ஒரு சிம்பு எடுத்துக் கதிர்ல வெச்சுப் பாக்கலாமுங்க. அதும் நாம வளத்ததுதானுங்களே."

"பார்க்கலாம், கண்ணு" என்றார் மேனகா.

தீபிகா அதை இசைவாகவே எடுத்துக்கொண்டாள். அன்று மாலையே பேழை துடைக்க வந்தவர்களோடு உள்ளே போய், ஒரு துணுக்கைப் பெயர்த்து, முறைப்படி முதலில் ஒரு துளி நீலச் சாயம் விட்டாள். மெய்ப்படிகத்தின் உள்ளே இடைவெளிகள் உண்டு. அது சாயத்தை உறிஞ்சி நீலமாகும். உப்புக்கு இடைவெளி இல்லை, தெளிவாகவே இருக்கும். இது தெளிவாகவே இருந்தது. ஊசியால் அழுத்தினாள், மெய்ப்படிகம் போல் நொய்ந்து கலையாமல் நறுக்கென்று உடைந்தது.

முகம் வெளுத்து மேனகாவிடம் ஓடி வந்தாள். "மேடம், அது உப்புங்க."

தெரியும் என்ற சொல் மேனகாவின் நாவரை வந்தது. "நல்லாப் பாத்தியா, கண்ணு?" என்றுதான் வெளியே வந்தது.

தீபிகாவுக்குத் தன் ஆசிரியர் மீது ஐயம் தோன்றவே இல்லை. ஆகவே அவளுக்குத் தோன்றக் கூடியது ஒன்றுதான் இருந்தது: மேடம் வளர்த்த படிகத்தை யாரோ திருடிவிட்டு உப்பை வைத்துவிட்டார்கள். நேரே எல்வினிடம் சென்று திருட்டு என்று முறையிட்டாள்.

எல்வின் நுணுகி ஆராய்ந்தார். காவலர் உண்டு, ஆகவே திருட்டு இல்லை. உள்ளே வைக்கப்பட்டது ரைபோசோம் என்பதற்குக் கல்வெட்டு உண்டு. இப்போது உப்பாக இருப்பதற்கு முறையீடு உண்டு. இடையில் அதைத் தொட்டவள் ஒருத்தி. அவள் அதன் மேல் நீலமாக எதையோ ஊற்றியும் இருக்கிறாள். நிறுவனத்தின் ரைபோசோமை முன் அனுமதியின்றி உப்பாக மாற்றியதாகத் தீபிகா மீது குற்றம் சாட்டப்பட்டது. ஆய்விடம் பறிபோகலாம் என்று தெரிவிக்கப்பட்டது. விசாரணைக் குழுவில் இயக்குநரும் எல்வினும், துறை வல்லுநர் என்ற முறையில் மேனகாவும் அமர்ந்தனர்.

குழு படிக மண்டபத்திலேயே கூடியது. குற்றம் நிகழ்ந்த இடம் என்பது ஒரு காரணம். அங்கே மட்டுமே குளிர்சாதனம் ஓடியது என்பது மற்றொன்று. தீபிகா பேழையின் முன் நின்றாள்.

ரைபோசோமை எவ்வழியில் உப்பாக்கினாள் என்று எல்வின் கேட்டார்.

"அப்படி ஆக்கத் தெரிஞ்சிருந்தா எங்கூட்டுல உப்புக்குக் கடைக்குப் போவமுங்களா, சார்?" என்றாள் தீபிகா.

அது குற்றத்தை ஓரளவு ஒப்புக்கொண்டதாகக் குறிக்கப்படலாமா என்று எல்வின் ஐயுற்றார். இயக்குநர் கையமர்த்தினார். அவர் தண்டிக்க விரும்பவில்லை.

"குழந்தாய், எளிய வழி ஒன்று இருக்கிறது. இது இன்னும் ரைபோசோமாகவே இருக்கிறது என்று நீ ஒப்புக்கொள். அப்படியானால் நீ எதையும் மாற்றவில்லை, குற்றமே இல்லை. உன் சோதனையில் சாயம் நீலமாகத்தான் ஏறியது, உன் கண்தான் பிழைபட்டது என்று ஒரு வரி எழுதிக் கொடு. இந்நிறுவனத்தில் நான் எவ்வளவோ பார்த்திருக்கிறேன். பார்த்ததை எல்லாம் பார்த்ததாகச் சொல்லியிருந்தால் இந்த நாற்காலியில் இருப்பேனா?"

தீபிகா திரும்பி மேனகாவைப் பார்த்தாள். குழு உறுப்பினரைப் பார்க்கும் பார்வை அல்ல அது. வழக்கமாக ஒரு சோதனை முடிந்ததும் முடிவு சரியா என்று கேட்கும் பார்வை.

"மேடம் அது நெசந்தான்னு ஒரு வார்த்தை சொல்லட்டுமுங்க, எழுதித் தர்றேன்" என்றாள். "அவிங்க சொல்லலீன்னா, கண்டதக் காங்கலீன்னு நான் எழுத மாட்டேனுங்க. ஊட்டுக்குப் போயிக் காப்பிப் பழம் பறிச்சுக்கறேன்."

நாற்காலி ஒன்று பின்னால் நகரும் ஓசை கேட்டது. எழுந்தவர் தாம்தான் என்பதை மேனகா எழுந்த பின்பே உணர்ந்தார்.

"அது உப்பு" என்றார். "முதல் நாளிலிருந்தே உப்பு. எனக்குத் தெரியும். மெய்யானவற்றைக் காக்கலாம் என்று இதைக் கொண்டுவந்து வைத்தேன். இதைக் காக்கப் போய் மெய்யானவை கரைந்தன. இந்தப் பிள்ளை கண்டது சரி. பிழை முழுவதும் என்னுடையது."

தீபிகாவின் பார்வை மேனகாவின் முகத்திலிருந்து மெல்ல இறங்கித் தரையில் நின்றது. மேனகாவுக்குக் கிடைத்த தண்டனைகளுள் அதுவே முதலாவது. அதற்குப் பின் வந்தவை யாவும் இலேசாகவே இருந்தன.

குழு தனித்து ஆராய்ந்தது. மேனகாவும் உறுப்பினர் ஆதலால், தம்மைப் பற்றிய ஆராய்ச்சியில் தாமும் அமர்ந்திருந்தார். முதல் நாளிலிருந்தே உப்பு என்று கொண்டால், செயலர் உப்புக்கு விளக்கேற்றினார் என்றாகும். அது நிகழ்ந்திருக்க இயலாது. உப்பு ஆட்சிக் குழுவில் அமர்ந்து தீர்மானம் நிறைவேற்றியது என்றாகும். அதுவும் இயலாது. எல்வின் நெடுநேரம் எண்ணி, ஒரு வழி கண்டார். இயக்குநர் எழுந்து அதை முடிவாக அறிவித்தார்.

"பேழையில் உள்ளது இன்று முற்பகல்வரை ரைபோசோமாகவே இருந்தது. இதற்குக் கல்வெட்டும், மாலையும், கையொலியும் சான்று. மூத்த அறிவியலாளர் வாய் திறந்து சொன்ன கணத்திலிருந்து அது உப்பாயிற்று. துறை வல்லுநரின் சொல் அது. மறுக்கும் தகுதி எங்களுக்கு இல்லை, அறிந்துகொள்ளும் ஆவலும் இல்லை. மாணவி தொட்டபோது அது ரைபோசோம். ஆகவே அவள் குற்றமற்றவள். ரைபோசோமை உப்பாக்கியவர் மேனகா அவர்களே. உண்மையைச் சொல்லாதிருந்தவரை இந்நிறுவனத்துக்கு அவரால் ஓர் இழப்பும் நேரவில்லை என்பதைக் குழு நன்றியுடன் நினைவுகூர்கிறது."

மேனகா இனி எவருக்கும் ஆய்வு வழிகாட்டலாகாது, குளிரறைக்குள் நுழையலாகாது, படிக மண்டபத்தின் காப்பாளராக இருந்து, அங்கே ஒருகாலத்தில் ரைபோசோமாக இருந்த உப்பை வருவோர்க்கு விளக்க வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. உப்புக்கு மின்சாரம் வீண்செலவு என்பதால் ஜெனரேட்டர் குளிரறைக்கே திரும்பியது. அந்நிறுவனத்தின் வரலாற்றில் அறிவியலுக்கு நன்மை விளைத்த ஆணை அது ஒன்றே. சிக்கனம் கருதி வெளியிடப்பட்டது.

தீபிகா அன்று வாயிலருகே மேனகாவுக்காகக் காத்திருந்தாள். நன்றி சொல்ல அல்ல.

"நொம்ப நாளா, என் கண்ணுல படறதவிட நீங்க சொல்றதத்தானுங்க மேடம் நம்பிட்டிருந்தேன்" என்றாள். "இனிக் கண்ண நம்பிக்கறேன்." படியில் கால் வைத்து, "நைட்ரஜன் குடுவைல நம்ம ரைபோசோம் கரைசல் கொஞ்சம் கெடாம இருக்குதுங்க. மறுக்காத் துளி போடப் போறேன்" என்று சொல்லிவிட்டு, விடை எதிர்பாராமல் இறங்கிப் போனாள்.

மார்கழி பிறந்தது. முகில் விலகி, விடியலில் புல்லின் மேல் பனி வெண்மையாகப் படிந்தது. மண்டபம் திறப்பதற்கு முன், ஒருவரும் வராத வேளையில், மேனகா குளிரறையின் பக்கமாக நடந்தார். கதவு சாத்தியிருந்தது. அதற்கு அப்பால், அவர் இனி காண முடியாத ஒரு தட்டில், அவர் தொடாத துளிகளுக்குள், கோடிக் கோடி நுண்ணிய பட்டறைகள் ஒன்றன் பக்கம் ஒன்றாக நகர்ந்து தத்தம் இடத்தைத் தேடிக்கொண்டிருக்கும். அல்லது தேடாமலும் இருக்கும். ஆணை உள்ளே நுழைவதைத்தான் விலக்கியிருந்தது. மேனகா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். அடியோசை தரையை அதிர்விக்காதபடி மெல்ல முன்வந்து, கதவின் மீது கை படாமல், மூச்சையும் அடக்கிக்கொண்டு, கருவறையின் முன் நிற்பவரைப் போலக் கைகூப்பி நின்றார். தமக்கென்று ஒன்றும் வேண்டிக்கொள்ளவில்லை. பிறகு வந்த வழியே, அதே மெதுவில் திரும்பினார்.

மலை குளிர்க, மழை தன் காலம் பிழையாது பெய்க. கல்வெட்டுகளைச் சுமக்கும் கதவுகள் ஒருநாள் நன்றாக மூடுக. ஆள்வோரும் அமர்வோரும் நெடிது வாழ்க. அவர்கள் கண்ணுக்குப் பெரியவை பெரிதாகவே தெரிக. இருளில் ஒருவருக்கும் தெரியாமல் வளரும் சிறியவை, கலையாமல், கரையாமல் வளர்க. கண்டதைக் கண்டபடி சொன்ன அந்தப் பெண்ணின் கை நடுங்காதிருக்க. அவள் நா நலம் பெறுக.